ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்வோருக்கு: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பி.ஏ. ஆங்கிலத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பலர், மூன்று ஆண்டுகளில் சரளமாக ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் வருகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானதே. ஆனால் இது பேச்சுப் பயிற்சி வகுப்பு அன்று. கவிஞர் சாசர் காலம் தொடங்கி 600 ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் கவிதை, நாடகம், புதினம், கட்டுரை, திறனாய்வு ஆகியவற்றை வரிவரியாகப் படித்து, படித்ததைப் பற்றிச் சான்றுகளோடு எழுதப் பழகும் படிப்பு. பேச்சு அதன் துணைப்பயனாக வரும். இதைத் தெரிந்துகொண்டு சேருபவருக்கு முதல் செமஸ்டரின் திகைப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப்போவது இரண்டு செய்திகளை. கைடையும் நோட்ஸையும் தொடுவதற்கு முன் மூலநூலைப் படியுங்கள். படிக்கும்போது பள்ளியில் பெற்ற தமிழ்ப் பயிற்சியை வகுப்பறைக்கு வெளியே விட்டுவிடாதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தங்களிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்காருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். யாப்பும் அணியும் திணையும் துறையும் படித்து வந்த ஒருவரிடம் இலக்கியம் படிப்பதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வேறொரு மொழியில் எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் மட்டுமே புதிது.

சேர்க்கை

கடலூர்ப் பக்கத்து மாணவர்களுக்குத் தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரி, புனித வளனார் கல்லூரி, கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரி, சற்றுத் தள்ளிச் சிதம்பரத்தில் 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை உள்ளன. அரசுக் கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பம் போதும். பிளஸ் டூவில் அறிவியல், வணிகவியல், தொழிற்கல்வி என எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு: அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலத்துக்கான தரவரிசை, ஆங்கிலப் பாடத்தில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. எனவே கணக்கிலோ இயற்பியலிலோ மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்த உடனே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

புதுச்சேரியில் அரசுக் கல்லூரிச் சேர்க்கை சென்டாக் என்னும் ஒருங்கிணைந்த சேர்க்கைக் குழு வழியாக நடைபெறுகிறது. லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியும், நகருக்குள் பெண்களுக்கான பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியும் நெடுங்காலமாக நடந்துவருபவை. அங்கே குடியிருப்புச் சான்றிதழ் முக்கியம் என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் தகுதி விதிகளை முதலில் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். மொழிப்பாடமாகத் தமிழா பிரெஞ்சா என்ற கேள்வி புதுச்சேரியில் எழும். பிரெஞ்சில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தமிழை விட்டுவிடாதீர்கள். ஆங்கில இலக்கிய மாணவருக்குத் தமிழ் வகுப்பு தரும் பயன் என்ன என்பது கீழே தெரியவரும்.

வகுப்பு தொடங்கும் முன்

சேர்க்கைக்கும் முதல் வகுப்புக்கும் இடையே கிடைக்கும் வாரங்களில் ஒரே ஒரு புதினத்தை ஆங்கிலத்தில் முழுமையாகப் படித்து முடியுங்கள். 1935இல் வெளிவந்த ஆர்.கே. நாராயணின் முதல் புதினமான ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ அதற்குப் பொருத்தமானது. வாக்கியங்கள் சிறியவை, பள்ளிக்கூடம், பாட்டி, கிரிக்கெட், தலைமையாசிரியரின் பிரம்பு என்று கதையின் உலகமும் நமக்குப் பழகியது. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் மூன்றாம் பக்கத்தில் சலிப்பு வந்துவிடும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தேடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை இடம் நோக்கி ஊகித்துக்கொண்டு போங்கள். நாளுக்கு 15 பக்கம் என்றாலும் இரண்டு வாரத்தில் புத்தகம் முடிந்துவிடும். ஓர் ஆங்கிலப் புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தவர் என்ற நிலையோடு வகுப்புக்குள் நுழைவது தரும் துணிவு பெரியது.

ஒரு கவிதையை எப்படிப் படிப்பது

இந்தப் படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். 1818இல் ஷெல்லி வெளியிட்ட ‘ஓசிமாண்டியாஸ்’ என்ற 14 அடிக் கவிதையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாப் பாடத்திட்டங்களிலும் எங்காவது ஓரிடத்தில் இது வந்துவிடும்.

முதலில் அகராதியும் விளக்கவுரையும் இல்லாமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் பாலைவனம், உடைந்த சிலை, மணல் என்ற அளவில் ஒரு காட்சி கிடைத்துவிடும்.

அடுத்து, பேசுவது யார் என்று பாருங்கள். சங்கப் பாடலைப் படிக்கும்போது இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்று நம் தமிழாசிரியர் கேட்ட அதே கேள்விதான் இது. கவிஞர் தம் குரலில் பேசுவது தொடக்கத்தில் ஏறத்தாழ ஓர் அடி மட்டுமே: பழம்பெரும் நாட்டிலிருந்து வந்த பயணி ஒருவனைச் சந்தித்தேன், அவன் சொன்னான் என்று கூறி விலகிக்கொள்கிறார். அதன்பின் வருவதெல்லாம் பயணியின் கூற்று. அந்தக் கூற்றுக்குள்ளே, சிலையின் பீடத்தில் பொறித்த எழுத்தாக மன்னனின் கூற்று வருகிறது: நானே மன்னாதி மன்னன், வலியவர்களே, என் செயல்களைப் பார்த்து நம்பிக்கை இழந்து நில்லுங்கள் என்கிறான். ஆக, ஒரு குரலுக்குள் இன்னொரு குரலாக மூன்று கூற்றுகள். அத்தனை ஆணவமாகப் பேசியவனின் குரல் இரண்டு பேர் வாய் வழியாகக் கைமாறித்தான் நம்மிடம் வந்து சேருகிறது என்பதைக் கண்டுகொண்டால், கவிதையின் பாதியை நீங்களே பிடித்துவிட்டீர்கள். பல கைடுகள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்து போய்விடுகின்றன.

மூன்றாவதாக, எழுவாயும் பயனிலையும் எங்கே என்று தேடிக் கோடிடுங்கள். ஆங்கிலச் செய்யுளிலும் சொற்கள் உரைநடை வரிசையில் நிற்பதில்லை; நாம் கொண்டுகூட்டிப் பொருள்கொள்வது போல அங்கும் கூட்ட வேண்டியிருக்கும். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ தொடங்கும் முதல் வாக்கியம் 16 அடி நீளம். பாடு என்று கலைமகளை வேண்டும் முதன்மை வினை ஆறாவது அடியில்தான் வருகிறது. அதுவரை காத்திருக்கத் தெரியாமல் ஒவ்வோர் அடியையும் தனித்தனி வாக்கியமாகப் படிப்பதனால்தான் மில்டன் புரியவில்லை என்ற புலம்பல் எழுகிறது.

நான்காவதாக, ஓசையைக் கேளுங்கள். ஓசிமாண்டியாஸின் கடைசி இரண்டு அடிகளில் பவுண்ட்லெஸ், பேர்; லோன், லெவல்; சாண்ட்ஸ், ஸ்ட்ரெச் என்று முதல் ஒலி ஒன்றி இணையிணையாகச் சொற்கள் வருகின்றன. நமக்கு இது மோனை. மன்னனின் முழக்கம் முடிந்ததும் ‘வேறெதுவும் எஞ்சவில்லை’ என்று பொருள்படும் மூன்றே சொல் வாக்கியம் சட்டென்று வெட்டி நிற்கிறது. அதன்பின் இந்த மோனைச் சொற்கள், எல்லையற்றுக் கிடக்கும் மணலைப் போலவே நீண்டு இழுத்துக்கொண்டு போகின்றன. ஓசை இங்கே அலங்காரமாக நிற்கவில்லை, பொருளைச் சுமக்கிறது. இப்படிக் கண்டதைத் தேர்வில் நான்கு வாக்கியங்களில் எழுதினால் போதும். திருத்துபவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

இவ்வளவும் முடிந்த பிறகு கைடைத் திறவுங்கள். ஓசிமாண்டியாஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர் என்பது போன்ற செய்திகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், கருத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசியில் கிடைக்கும் கதைச்சுருக்கத்துக்கும் இதே விதிதான்.

யாப்பு

அலகிட்டு வாய்பாடு எழுதிய பயிற்சி இங்கே நேரடியாக உதவும், ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். தமிழில் அசை என்பது குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு நேர், நிரை என்று பிரிகிறது. ஆங்கிலத்தில் அழுத்தத்தைக் கொண்டு பிரிகிறது. ‘ரெகார்ட்’ என்ற சொல் பெயராக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். அகராதியில் அழுத்தக் குறியைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு ஆங்கில யாப்பு எந்நாளும் கணக்குப் பாடமாகவே இருக்கும். அழுத்தமில்லாத அசை ஒன்றும் அழுத்தமுள்ள அசை ஒன்றும் சேர்ந்தது ‘அயாம்பிக்’ சீர். அப்படி ஐந்து சீர் வந்தால் அயாம்பிக் பென்டாமீட்டர். ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளும் (14 அடிக் கவிதைகள்), சிற்சில விலக்குகள் நீங்கலாக, இந்த அடியிலேயே அமைந்தவை. ஆங்கிலத்தில் அடியின் இறுதியில் ஒலி ஒன்றுவது நம் இயைபுக்கு நிகரானது. அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையை அங்கே தேடக் கூடாது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நாளுக்குப் பத்து அடிகளைப் படித்துவந்தால், ஒரு மாதத்தில் காது பழகிவிடும்.

இலக்கிய வரலாறு

ஆண்டுகளை மனப்பாடம் செய்வது தவிர்க்க முடியாதது. ஆனால் வெற்று எண்களாகச் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். ஊரோடும் தமிழோடும் இணைத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினத்தில் கல்லூரிக்கு அருகிலேயே இருக்கும் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது 1690இல். அப்போது இங்கிலாந்தில் கவிஞர் டிரைடன் எழுதிக்கொண்டிருந்தார். டிஃபோ இன்னும் ‘ராபின்சன் குரூசோ’ எழுதவில்லை, அது 1719இல் வந்தது. ஸ்விஃப்டின் கலிவர் தம் மூன்றாம் பயணத்தில் சென்னைக் கோட்டையில் வந்து இறங்குவதாக 1726இல் வெளிவந்த நூலில் வருகிறது. ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ 1871, 72இல் வெளிவந்தது என்றால், வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. இப்படி ஒரு நீள்தாளில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று காலக்கோடு வரைந்து சுவரில் ஒட்டுங்கள். 1660, 1798, 1837, 1922 ஆகிய நான்கு ஆண்டுகளை முதலில் ஊன்றிவிடுங்கள்: மூடிக்கிடந்த நாடக அரங்குகள் முடியாட்சி மீண்டபோது திறந்தது, வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ வெளியிட்டது, விக்டோரியா அரியணை ஏறியது, டி.எஸ். எலியட்டின் ‘வேஸ்ட் லேண்டு’ம் ஜாய்ஸின் ‘யூலிஸஸு’ம் வெளிவந்தது. மற்றவை இந்தத் தூண்களுக்கு இடையே தாமாகவே பொருந்திக்கொள்ளும்.

நாடகமும் விடைத்தாளும்

நாடகத்தைத் தனியே மௌனமாகப் படிப்பதால் பயன் குறைவு. நான்கைந்து பேர் சேர்ந்து பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு மாலையில் ஒரு காட்சி என்று சத்தமாகப் படியுங்கள், மரத்தடி போதும். உச்சரிப்பு தவறினால் கவலைப்பட வேண்டாம். பேசுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

விடைத்தாளில் நான் காணும் பெருங்குறை, கேள்வி எதுவானாலும் கதைச்சுருக்கம் எழுதுவது. லேடி மேக்பெத்தின் பாத்திரத்தை ஆராய்க என்று கேட்டால், சூனியக்காரிகள் வந்ததிலிருந்து மேக்பெத் வீழ்ந்தது வரை நான்கு பக்கம் வந்துவிடுகிறது. அவளோ ஒரு பத்தியில் தலைகாட்டிவிட்டு மறைகிறாள். கதை, திருத்துபவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் வாசிப்பு. இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், கொலை நடந்த கையோடு, சிறிதளவு தண்ணீர் போதும், இந்தச் செயல் நம்மை விட்டுக் கழுவிப்போய்விடும் என்று கணவனைத் தேற்றுகிறாள். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் அவளே தூக்கத்தில் நடந்துகொண்டு, இல்லாத கறையைக் கைகளிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். முன்பு செய்யுளில் பேசியவள் இங்கே உரைநடையில், முறிந்த சொற்களில் பேசுகிறாள். இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து, மொழியும் எப்படி மாறிவிட்டது என்று சுட்டி, அந்த மாற்றம் அவளைப் பற்றி என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். இரண்டு பக்கமே வந்தாலும் அது நல்ல விடை.

எழுத்துநடை வரவேண்டுமானால் நாள்தோறும் எழுதியாக வேண்டும். அன்று வகுப்பில் படித்ததைப் பற்றி ஆறேழு வாக்கியங்கள் கொண்ட ஒரு பத்தியை, எதையும் பார்த்து எழுதாமல், சொந்த ஆங்கிலத்தில் எழுதி, வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் காட்டுங்கள். பிழை மலிந்த சொந்த வாக்கியத்தைத் திருத்தித் தர எந்த ஆசிரியரும் தயங்கமாட்டார்; இரவல் வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. இன்டர்னல் மதிப்பெண்ணுக்கான அசைன்மென்டும் அப்படியே. அரியர் வைப்பவர்களில் பலர் அறிவுக் குறைவால் வைப்பதில்லை. எழுதிப் பழகாததால் வைக்கிறார்கள்.

நூல்களுக்கு எங்கே போவது

பாடநூல் அனைத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள், அதாவது ஷேக்ஸ்பியர் முதல் ஹார்டி வரை, புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் ஒலிவடிவம் லிப்ரிவாக்ஸில் உண்டு. பேருந்தில் கல்லூரிக்கு வருபவர்கள் காதில் கேட்டுக்கொண்டே வரலாம். கடினமான பாடங்களுக்கு ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் காணொளி வகுப்புகள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1827இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகமும், கடலூரில் மாவட்ட மைய நூலகமும் உறுப்பினராகச் சேர வேண்டிய இடங்கள். கல்லூரி நூலகத்தில் நூலகரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கின் உள்ளே தூசி படிந்து கிடக்கும் நல்ல உரைப்பதிப்புகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

தமிழை உடன் வைத்துக்கொள்ளுதல்

நாம் படிக்கும் இந்த நிலப்பகுதிக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஷெல்லிதாசன் என்ற புனைபெயரில் எழுதிய பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது புதுச்சேரியில். 1910இல் அங்கு வந்து 1950இல் மறையும்வரை வாழ்ந்த அரவிந்தர், ஏறத்தாழ 24,000 அடிகள் கொண்ட ‘சாவித்ரி’யை மேலே சொன்ன அதே ஐஞ்சீர் அடியில், இயைபு இல்லாமல் எழுதினார். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், உலகச் சிறுகதைகள் பலவற்றை ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்குக் கொண்டுவந்தார். ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களைத் தேர்ந்து 1967இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பு, இன்று பல நாடுகளில் வாசிக்கப்படுகிறது. வாரம் ஒரு குறுந்தொகைப் பாடலைத் தமிழில் படித்து, பிறகு ராமானுஜனின் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிகளை அவர் எங்கே உடைக்கிறார், எதை விடுகிறார், எதை முன்னே கொண்டுவருகிறார் என்று கவனிப்பது, மொழிபெயர்ப்புத் தாளுக்கு மட்டுமன்றிக் கவிதைத் தாளுக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சி.

பட்டத்துக்குப் பின்

பள்ளி ஆசிரியராக விரும்புவோர் இரண்டாண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எம்.ஏ. படிக்க விரும்புவோருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், லாஸ்பேட்டை காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு நிலையம், காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் ஆகியவை அருகிலேயே உள்ளன. புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கியூட் முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அறிவிப்பைக் கவனித்துவாருங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேவை. நெட் தேர்வில் முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 என 150 கேள்விகள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இரண்டாம் தாளில், கொடுத்த அடிகள் எந்தக் கவிதையைச் சேர்ந்தவை, இந்தப் பாத்திரம் எந்தப் புதினத்தில் வருகிறது என்பன போன்ற கேள்விகள் நிறைய வரும். மூலநூல்களைப் படித்து வந்தவருக்கும் கைடு மட்டும் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே வெளிப்பட்டுவிடும்.

எம்.ஏ. இறுதியில் எழுத வேண்டிய ஆய்வேட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் பெண்கள் என்பது போன்ற பரந்த தலைப்பை எடுத்தால், ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைத் தொகுப்பதிலேயே செமஸ்டர் முடிந்துவிடும். ஒரு கவிஞரின் மூன்று கவிதைகள், ஒரு சிறுகதையின் இரண்டு ஆங்கிலப் பெயர்ப்புகள் என்று கைக்கு அடக்கமாக எடுங்கள். துறைத்தலைவரிடம் தலைப்பைக் கொடுப்பதற்கு முன், மூலநூலை மீண்டும் ஒருமுறை முழுவதும் படித்து, ஆய்வேட்டில் நீங்கள் விளக்கப்போகும் பத்து இடங்களைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பத்து இடங்கள் தேறவில்லையென்றால் அந்த வாரமே தலைப்பை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.